நோயாளி பக்கத்தில் எந்தப் பதிகம்?

வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ படுத்திருக்கும் உறவினருக்காகத் தேவாரம் பாட விரும்புகிறவர்கள் கேட்டவை இவை. மாயவரம் பக்கம் பதிகம் சொல்லித்தருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம், பேச்சு வரவில்லை. வைத்தீஸ்வரன் கோயில் பதிகமா, ‘கூற்றாயினவாறு’ பதிகமா? (கும்பகோணம்)

வைத்தீஸ்வரன் கோயில் பதிகத்தை அங்கே போகும்போது சந்நிதியில் ஓதுங்கள். கட்டிலருகே பாட, நோய்க்கு ஏற்ற பாட்டைத் தேடுவதைவிட அப்பா வாயில் எது பழகியிருந்தது என்று பாருங்கள். பக்கவாதத்தில் பேச்சுப் போன சிலருக்குப் பழகிய பாட்டின் சொற்கள் வருவதுண்டு. அதனால் கடைசிச் சொல்லுக்கு முன்னால் சற்று நிறுத்தி, உதடு அசைகிறதா என்று கவனியுங்கள். அசையாவிட்டால் நீங்களே முடித்துவிடுங்கள். ‘சொல்லுப்பா’ என்று வற்புறுத்தாதீர்கள், அவருக்கு அது பெரிய வேதனை.

‘கூற்றாயினவாறு’ திருவதிகையில் அப்பர் தம்முடைய சூலை நோய்க்கு, அதாவது கடும் வயிற்றுவலிக்கு, தாமே பாடியது. ‘ஆற்றேன் அடியேன்’ என்பது வலிப்பட்டவரே சொல்லும் பேச்சு. பக்கத்தில் நிற்கிற நமக்குச் சம்பந்தரின் ‘அவ்வினைக்கு இவ்வினை’ பொருந்தும். திருச்செங்கோட்டில் கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது பாடியது அது. ‘எமைத் தீண்டப்பெறா’ என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டு பாடுகிறார். பாட்டுக்குப் பாட்டு ‘திருநீலகண்டம்’ என்று முடிவதால், தேவாரமே அறியாத மருமகப்பிள்ளையும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்துகொள்ளலாம்.

பண் தெரியாது, பாடலாமா? (திருவையாறு)

மேலே சொன்ன ‘அவ்வினைக்கு இவ்வினை’ பதிகத்துக்குப் பண் வியாழக்குறிஞ்சி. சௌராஷ்டிர ராகத்தில் ஓதுவார்கள். பிடிபடாவிட்டால் நிதானமாகப் படியுங்கள். நோயாளி களைத்திருந்தால் இரண்டு பாட்டும், பதிகத்தின் கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பும் போதும்.

மாமியார் மன்னார்குடி ராஜகோபாலசாமியைத் தவிர வேறு சாமி பேர் சொல்லாதவர். எனக்குத் தேவாரம்தான் தெரியும். (மன்னார்குடி)

அப்படியானால் அவருக்காகப் பெரியாழ்வார் பெருமாளைப் பாடிய திருப்பல்லாண்டு கற்றுக்கொள்ளுங்கள் அம்மா. பன்னிரண்டு பாசுரம்தான்.

பெண் குழந்தைக்கு அடிக்கடி வலிப்பு. சாமி கும்பிட உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. (திருச்சி)

உங்களுக்குப் பக்கத்திலேயே, கொள்ளிடத்தின் வடகரையில் திருவாசி இருக்கிறது. திருப்பாச்சிலாச்சிராமம் என்பது பழைய பெயர். கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளை முயலகன் என்ற நோய் வாட்டியது; அது வலிப்பு நோய் என்பார்கள். அவளுக்காகச் சம்பந்தர் பாடிய ‘துணிவளர் திங்கள்’ பதிகத்தைப் பொருளோடு படியுங்கள். ‘மங்கையை வாட மயல்செய்வதோ இவர் மாண்பே’ என்று, இந்தப் பெண்ணை வாட வைப்பதுதான் இவர் பெருமையா என்று, சிவனையே கேட்கிறார். பாடல்தோறும் இதே கேள்விதான். உங்கள் கோபத்துக்கும் அதில் இடம் உண்டு, அழுதுகொண்டே பாடினாலும் தப்பில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். வலிப்பு வரும் நேரத்தில் பாட்டு வேண்டாம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதுவும் திணிக்காதீர்கள், நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஐசியூவில் இருப்பவருக்கு? (நாகப்பட்டினம்)

நர்ஸிடம் கேட்டுக்கொண்டு காதருகே மெல்ல ஒரு பாட்டு. ஸ்பீக்கரில் போடாதீர்கள், அடுத்த கட்டிலிலும் ஒருவர் போராடிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். ‘எண்ணுகேன் என்சொல்லி’ பாட நினைக்கிறேன். அக்கா கூடாது என்கிறாள். (திருவாரூர்)

அக்கா சொல்வதே சரி என்பேன். திருப்புகலூரில் அப்பர் தம் முடிவு நெருங்கியபோது ‘உன்னடிக்கே போதுகின்றேன்’ என்று தாமே விடைபெற்ற பதிகம் அது. போகிறவர் சொல்லவேண்டியதை இருக்கிறவர் முந்திச் சொன்னால், அனுப்பிவைப்பது போல அம்மா மனதில் பட்டுவிடும். அவரே கேட்டால் தயங்காமல் பாடுங்கள்.

அதுவரை ‘மாசில் வீணையும்’ பாடுங்கள். வீணை, மாலை நிலவு, வீசும் தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று ஈசன் திருவடி நிழலின் சுகத்தை மட்டும் சொல்லும் பாட்டு அது. எதையும் கேட்காத பாட்டு. வலி மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு பாடுங்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் பாதியில் நிறுத்திவிட்டு, கையைப் பிடித்தபடி உட்காருங்கள். அக்காவையும் கூட உட்காரச் சொல்லுங்கள்.