வாடகைக் குரங்கு

கேள்வி: வாடகைக்கு எடுத்த குரங்கு உடையை யாருக்கோ மாட்டி, காட்டுக்குள் ஓடவிட்டு, அதை 'பிக்ஃபுட்' என்கிறார்கள். இந்த மட்டரக அமெரிக்கத் திகில் படங்களைப் பற்றிப் போன இதழில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா? சரி, பிக்ஃபுட் என்று ஒன்று நிஜமாகவே உண்டா?
(பெயர் வெளியிட வேண்டாம், பொள்ளாச்சி)

பதில்: வேலை இருக்கிறது. ஆனால் 'வாடகை' என்று எழுதிவிட்டீர்கள், இனி இன்றைக்கு அது ஓடாது.

பிக்ஃபுட் என்றால் 'பெரும்பாதம்', அமெரிக்கக் காடுகளில் திரிவதாகச் சொல்லப்படும் ரோம ராட்சதன். அந்த விவகாரத்தில் வாடகைக்கு எடுத்தது குரங்கு உடை மட்டும்தான் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. 1967 அக்டோபர் 20, வடக்குக் கலிஃபோர்னியாவில் பிளஃப் கிரீக் ஓடைக்கரை. ரோஜர் பேட்டர்சன், பாப் கிம்லின் என்ற இருவர் குதிரையில் போகிறார்கள். உடம்பெல்லாம் ரோமத்தோடு ஏதோ ஒன்று இரண்டு காலில் நடந்து போகிறது, ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறது, மரங்களுக்குள் போய்விடுகிறது. எல்லாம் ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு வந்த பிக்ஃபுட் படங்கள் எல்லாவற்றுக்கும் தாய் அந்த 16 எம்.எம். படச்சுருள் துண்டு. அதைப் படம் பிடித்த கேமரா, வாடகைக் கேமரா! கெடு தாண்டியும் பேட்டர்சன் அதைத் திருப்பித் தரவில்லை. அவரைக் கைது செய்ய அதே அக்டோபரில் வாரண்ட் பிறந்தது. பிறகு கேமரா பழுதில்லாமல் கடைக்குத் திரும்பியதும் வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த உடைக்குள் இருந்தது யார், அது உடைதானா, நடையைப் பார், தோளைப் பார் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரரைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. நான் கடைக்காரர் கட்சி. பிக்ஃபுட் வரலாற்றிலேயே கையில் அசல் ஆதாரத்தோடு பேசிய ஒரே மனிதர் அவர்தான். அவரிடம் வாடகைச் சீட்டு இருந்தது.

இந்த அலுவலகத்தில் ஓர் அலமாரி உண்டு. அதிலிருந்து டி.வி.டி.யும் புத்தகமும் இரவல் வாங்கிப் போனவர்கள் பெயரை எழுத ஒரு நோட்டு வைத்தோம். நோட்டை ஒருவர் இரவல் வாங்கிப் போய்விட்டார். போனவர்களில் கவிஞர் உண்டு, பேராசிரியர் உண்டு, 'அறம்' என்று தலைப்பிட்டு நமக்கே கட்டுரை அனுப்பியவர் உண்டு. என் பிக்ஃபுட் டி.வி.டி.க்களை எடுத்துப் போனவர் ஒரு விமர்சகர். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். எந்தப் படம் வந்தாலும் ரெண்டேகால் நட்சத்திரம் போடுகிறவர். ரெண்டு சரி, அந்தக் கால் எதற்கு என்று பல வருடமாகக் கேட்கிறேன். பிக்ஃபுட் படத்துக்கும் அதே ரெண்டேகால்தான் போட்டார். அன்றைக்கு மட்டும் கால் பொருத்தமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 1971-ல் அர்கன்சா மாநிலத்தில் ஃபௌக் என்ற சின்ன ஊரில் உடம்பெல்லாம் ரோமம் மூடிய ஒருவன் வீடு புகுந்து தாக்கினான் என்று செய்தி வந்தது. பக்கத்து டெக்சர்கானாவில் விளம்பரத் தொழில் செய்துகொண்டிருந்த சார்லஸ் பி. பியர்ஸ், லாரிக் கம்பெனிக்காரர் ஒருவரிடம் கடன் வாங்கிப் படம் எடுத்தார். செலவு சுமார் 1,60,000 டாலர். நடிகர்களுக்குக் காசில்லை, ஊர்க்காரர்களையே தங்கள் கதையைத் தாங்களே நடித்துக் காட்டச் சொன்னார். படக்குழுவுக்கும் காசில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகொடுத்தார்கள். 'தி லெஜண்ட் ஆஃப் பாகி கிரீக்' தயாராயிற்று, 1972-ல். யாரும் சீந்தவில்லை. அவரே ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். (பார்த்தீர்களா, மறுபடியும் வாடகை!) வசூல் 2 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள்.

அந்தப் படத்தில் மிருகத்தை நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை. சதுப்பு நிலம், சாயங்கால வெளிச்சம், மரங்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ. செய்திப்படம் மாதிரி ஒரு குரல் நிதானமாகக் கதை சொல்லிக்கொண்டே போகிறது. பயத்துக்கு நடுவில், படகோட்டிப் போகும் பையனைப் பற்றி ஒரு முழுப் பாட்டு வேறு! நம் படங்களில்தான் சம்பந்தமில்லாமல் பாட்டு வருகிறது என்று வாரம் தவறாமல் அட்டை போடும் வாசகர்களுக்கு இதை அன்போடு சமர்ப்பிக்கிறேன். சில ஊர்க்காரர்கள் கேமராவைப் பார்த்து மனப்பாடம் ஒப்பிக்கிறார்கள். அதுதான் நம்ப வைக்கிறது. நடிக்கத் தெரியாதவன் பொய் சொல்லமாட்டான் என்று நமக்குள் ஒரு மூட நம்பிக்கை. 1999-ல் 'பிளேர் விட்ச்' எடுத்து உலகத்தையே பயமுறுத்திய இருவரில் ஒருவரான டேனியல் மிரிக், சின்ன வயதில் தன்னை உலுக்கிய படங்களில் இதையும் சொல்லியிருக்கிறார்.

டிராகுலாவுக்கும் டைனோசருக்கும் காசைக் கொட்டினால் பயம் கூடும். பிக்ஃபுட்டுக்குக் கொட்டினால் குறையும். அதற்கு இருக்கிற ஒரே பிரபல 'சாட்சி' ஆடிக்கொண்டே போகும் ஒரு மங்கலான நிமிடம். பிக்ஃபுட் என்றாலே நம் மனசில் தூரம், மரம், கை நடுக்கம். பளிச்சென்று விளக்குப் போட்டு நடுவில் நிறுத்தினீர்களோ, அது ஆள். நீங்கள் மட்டரகம் என்று எதைச் சொல்கிறீர்களோ அதுதான் இந்தப் படங்களின் மூலதனம். காசு இல்லாதவன் உடையை ஒளித்து வைக்கிறான். காசு இருக்கிறவன் செலவழித்தது தெரிய வேண்டும் என்று கிட்டத்தில் காட்டுகிறான். 'பிளேர் விட்ச்' இரட்டையரில் இன்னொருவரான எட்வார்டோ சான்செஸ் 2014-ல் 'எக்ஸிஸ்ட்ஸ்' என்ற பிக்ஃபுட் படம் எடுத்தார். உடை பிரமாதம். அதனாலேயே எனக்குப் பயமே வரவில்லை. (டிரோன் ஷாட்டும் இப்படித்தான். காட்டை மேலிருந்து காட்டிவிட்டால் அப்புறம் அதில் தொலைந்து போக என்ன இருக்கிறது? இதை இந்தப் பக்கத்தில் முன்பும் சொன்னேன், இனியும் சொல்வேன்.)

எல்லா மலிவுப் படமும் நல்ல படம் என்று சொல்லவில்லை. 1980-ல் வந்த 'நைட் ஆஃப் தி டீமன்' பிரிட்டனில் தடைக்கு இலக்கான வீடியோக்களின் பட்டியலில் ஏறியது. அதில் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் அவசரத்துக்குச் சாலையோரம் ஒதுங்குகிறார். பிறகு நடப்பதை, குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையில் எழுத முடியாது. ஆண் வாசகர்கள் தவிர்க்கலாம். 1977-ல் தொலைக்காட்சிக்காக எடுத்த 'ஸ்னோபீஸ்ட்', 'ஜாஸ்' படத்தின் சுறாவைப் பனிமலையில் ஏற்றிய கதை. பனிச்சறுக்கு விடுதி, நெருங்கி வரும் திருவிழா, மிருகத்தைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்கிற நிர்வாகம். எழுதியவர் யாரென்றால், ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்குத் திரைக்கதை எழுதிய ஜோசஃப் ஸ்டெஃபானோ. வீட்டு வாடகை எல்லோருக்கும் உண்டு. 1976-ன் 'கிரீச்சர் ஃப்ரம் பிளாக் லேக்' படத்துக்கு ஒளிப்பதிவு டீன் கண்டி. இரண்டே வருடத்தில் 'ஹாலோவீன்', அப்புறம் 'ஜுராசிக் பார்க்'. இருட்டை எவ்வளவு விட்டுவைப்பது என்பதைச் சதுப்பில் நின்று பழகியவர்.

உடையே இல்லாமல் சாதித்த படம் ஒன்று உண்டு. 2013-ல் பாப்கேட் கோல்ட்த்வெய்ட் எடுத்த 'வில்லோ கிரீக்'. பேட்டர்சன் படம் எடுத்த இடத்தைத் தேடிப் போகும் ஒரு ஜோடி ராத்திரி கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கேமரா நகரவே நகராது. கிட்டத்தட்ட 19 நிமிடம், ஒரே ஷாட். வெளியே மரத்தில் மரம் தட்டும் சத்தம். அப்புறம் ஓலம். அப்புறம் யாரோ அழுகிற மாதிரி. இரண்டு முகங்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. இந்த வகைப் படங்களில் இதற்கு மேல் ஒரு காட்சி எனக்குத் தெரியாது. ரெண்டேகாலுக்கு அதில் என்ன புரியும் என்று தெரியவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பிக்ஃபுட் என்ற பெயர் பத்திரிகையில் பரவிய வருடம் 1958. கலிஃபோர்னியாவில் சாலை போடும் இடத்தில் ராட்சதக் காலடிகள். அந்த ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002-ல் இறந்த பிறகு, அவர் குடும்பத்தார் மரத்தில் செதுக்கிய ஒரு ஜோடிப் பாதங்களை எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்கக் காடுகளில் இன்று தானியங்கிக் கேமராக்கள் கரடியையும் பூமாவையும் ஓயாமல் படம் பிடிக்கின்றன. பிக்ஃபுட்டின் ஒரு பல், ஓர் எலும்பு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே, இல்லை. அடுத்த கேள்வி.