விளையாட்டு கேள்வி–பதில்: கொல்கத்தா லீக்

? 'இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன்' என்று பெயர். ஆனால் மேற்கு வங்கத்துக்குள் மட்டும்தானே லீக் நடத்துகிறார்கள்?
– வாசகர், திருச்சி

முதலில் வந்தவர் பெரிய பெயரை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஐ.எஃப்.ஏ. தொடங்கியது 1893-இல். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் வந்ததோ 1937-இல். இன்று ஐ.எஃப்.ஏ. ஒரு மாநிலச் சங்கம்; நம் தமிழ்நாடு கால்பந்து சங்கத்துக்கு உள்ள அதே தகுதிதான். 1941-இல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையைக் கொடுத்தவர்களும் இவர்களே. தங்கள் தலைவராக இருந்த சந்தோஷ் மகாராஜாவின் நினைவாக.

? மோகன் பகான் 1911-இல் ஜெயித்தது கல்கத்தா லீக்கா?
– வாசகர், காரைக்குடி

இல்லை, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. அது தோற்றால் வெளியேறும் போட்டி. இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என வென்றார்கள். லீக் வேறு; 1898-இல் தொடங்கியது. அதை முதலில் வென்ற இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங், 1934-இல். தொடர்ந்து 1938 வரை ஐந்து முறையும் அவர்களே. லீக் நடப்பது மழைக்காலத்தில். வெறுங்காலோடு ஆடியவர்கள் சேற்றில் வழுக்கினார்கள். முகமதன் வீரர்கள் ஈரத்தரையில் பூட்ஸ் மாட்டி இறங்கினார்கள். ஷீல்டுக்கு இருக்கும் புகழில் பாதியாவது இந்த ஐந்துக்கும் சேர வேண்டும்.

? கொல்கத்தா லீக்கில் 'பூமிபுத்திரர்' விதி என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

லீக்கின் மேல்நிலைப் பிரிவான பிரீமியர் டிவிஷனில் 2023 முதல் வெளிநாட்டு வீரர்கள் கிடையாது. அதற்கு மேல், வங்கத்து வீரர்கள் இத்தனை பேராவது களத்தில் இருக்க வேண்டும் என்பதே இந்த விதி. எண்ணிக்கையை அந்தந்த சீசன் விதிமுறையில் பார்க்க வேண்டும். தொடக்கப் பதினொருவரில் யாரும் கோட்டைவிடுவதில்லை; சிக்கல் மாற்று ஆட்டக்காரரை இறக்கும்போதுதான். வங்கத்து வீரருக்குக் கால் பிடித்துக்கொள்ளும், பதற்றத்தில் வெளிமாநிலத்தவரை அனுப்பிவிடுவார்கள், கணக்கு ஒன்று குறைந்துவிடும். களத்தில் ஆடி வென்ற புள்ளி, விதிமீறல் என்று பிறகு மேசை முன் எடுக்கும் முடிவில் போய்விடும். மாற்றுச் சீட்டை நான்காவது நடுவரிடம் நீட்டுமுன் மேலாளர் எண்ணிப் பார்த்தால் போதும்.

? எங்கள் ஊர் லீக்கில் ஒரு அணிக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். முடிவை எப்படி எழுதுவது?
– வாசகர், தூத்துக்குடி

ஏழு பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. இது ஆட்ட விதி. யாருக்கு வெற்றி என்பதை அந்த விதி சொல்லாது, போட்டி நடத்துபவர்தான் சொல்ல வேண்டும். எதிரணிக்கு 3–0 கொடுப்பது வழக்கம். இடையில் ஆள் குறைந்து நின்றுபோய், அப்போதே எதிரணி 5–0 முன்னிலையில் இருந்தால் அதை 3–0 ஆக்கிக் குறைக்காதீர்கள்; கோல் வித்தியாசத்தில் சண்டை வரும். எத்தனை நிமிடம் காத்திருப்பது, பாதியில் விலகிய அணியின் பழைய ஆட்டங்களை நீக்குவதா வைப்பதா என்பதையெல்லாம் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி எல்லா அணிகளிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.