கர்ப்ப காலத்தில் மனநல மாத்திரைகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் 50 மி.கி. சாப்பிடுகிறேன். தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். உடல் எடைக்கு எடை கணக்கிட்டால், தாய் எடுக்கும் அளவில் சுமார் 2 சதவீதம்தான் பால் வழியாகக் குழந்தைக்குப் போகிறது. குறைமாதக் குழந்தையென்றால் மட்டும் குழந்தைநல மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: நான்காம் மாதம். தூக்கத்துக்குச் சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்று தந்திருக்கிறார்கள். போடலாமா?

பதில்: நிறத்தை வைத்துப் பதில் சொல்ல நான் ஜோசியன் அல்ல. மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும். பெயருள்ள ஓரத்தை முதலில் பிய்த்து எறியும் பழக்கத்தை விட்டுவிட்டு, மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: இருமுனைக் கோளாறுக்கு (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) லித்தியம் சாப்பிட்டு வந்தேன். கர்ப்பம் உறுதியான அன்றே மருந்துக்கடைக்காரர் நிறுத்தச் சொன்னார்; நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. சரிதானே?

பதில்: சரியில்லை. மாதம் தவறாமல் இதே கடிதம் வருகிறது; கடைக்காரர் இருந்த இடத்தில் சில சமயம் மாமியார், சில சமயம், வருத்தத்தோடு சொல்கிறேன், ஒரு மருத்துவரே இருக்கிறார். லித்தியம் கருவின் இதயக் குறைபாட்டு அபாயத்தைச் சற்றுக் கூட்டுவது உண்மைதான். அது மருந்தின் அளவைப் பொறுத்தது, பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. மாறாக, அதைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்; பிரசவத்துக்குப் பின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் கடுமையான மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்), இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. இந்தக் கணக்கை நிறுத்தச் சொன்னவர் எவரும் போட்டுப் பார்ப்பதில்லை. பழைய அளவை நீங்களாகத் தொடங்காமல், இன்றே உங்கள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் மீண்டும் தொடங்கினால், மாதம் ஏற ஏறச் சிறுநீரகம் மருந்தை வேகமாக வெளியேற்றும் என்பதால், இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். வாந்தி அதிகமானால் அளவு ஆபத்தாக ஏறவும் கூடும். ஐந்தாம் மாத ஸ்கேனோடு கருவின் இதய எக்கோவையும் எடுத்துவிடுங்கள். தானாக நிறுத்தாதீர்கள், தானாகத் தொடங்காதீர்கள்.

கேள்வி: மனைவி மனநிலைக்காக வால்ப்ரோயேட் சாப்பிடுகிறார். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்.

பதில்: கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் கருத்தரிக்கும் முன்பே மாற்றியாக வேண்டும்: பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு, மூன்றில் ஒன்றுக்கு வளர்ச்சியில் தாமதம். ஃபோலிக் அமிலம் போட்டால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். மருந்து மாறும்வரை கருத்தடை தேவை. இதையும் தானாக நிறுத்தாதீர்கள்.