விளிம்பைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். சேமிப்பு 8,000 பவுண்டு. பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜ் காலத்து 1790ஆம் ஆண்டு ஸ்பேட் கினி என்ற தங்க நாணயம் ஒன்றை, தங்க மதிப்பைப்போல் இரண்டு மடங்கு விலைக்கு ஒரு வியாபாரி தருகிறார். முன்பு வளையம் வைத்து மாட்டியிருந்ததாம். முதலீடாக வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம்.

கினியின் எடை சுமார் 8.35 கிராம். 22 காரட் என்பதால் அதில் சுத்தத் தங்கம் 7.65 கிராம்தான். அதற்கு மேல் கொடுக்கும் காசு, நாணயம் அரிதாக இருப்பதற்கோ தேயாமல் இருப்பதற்கோ. ஸ்பேட் கினி 1787 முதல் 1799 வரை ஏராளமாக அடிக்கப்பட்டது, அரிதானதல்ல. மிச்சம் இருப்பது நிலைமை ஒன்றுதான், அதைத்தான் வளையம் கெடுத்துவிட்டது. கடிகாரச் சங்கிலியில் கினியைத் தொங்கவிடுவது இங்கிலாந்தில் பெரிய பழக்கமாக இருந்தது. கழற்றினாலும் பற்றவைத்த தழும்பு போகாது. லென்ஸை வைத்து அரசர் தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள்: வரிவரியான கோடுகள் அந்த இடத்தில் மட்டும் மழுங்கியிருக்கும். நாணயத்தின் பரப்பு கண்ணாடிபோல் மினுக்கினால் யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள். அதற்கும் விலை குறையும். அப்புறம், சீட்டாட்டத்துக்காக இதே உருவத்தில் அடித்த பித்தளை வில்லைகளும் உண்டு. எடை போடாமல் எதையும் வாங்காதீர்கள்.

தங்கத்தில் பணம் போடுவதுதான் நோக்கம் என்றால் இன்றைய பிரிட்டிஷ் சவரன் நாணயம் போதும். தங்க விலையை ஒட்டியே கிடைக்கும். 1837க்குப் பிந்தைய சவரன்களுக்கு மூலதன ஆதாய வரியும் இல்லை. கினிக்கு அந்தச் சலுகை கிடையாது; ஆனாலும் ஒரு நாணயத்தை 6,000 பவுண்டுக்கு மேற்படாமல் விற்றால் வரி வராது.

அந்தக் காலத்தின் மேல் ஆசை என்றால் வெள்ளியில் தொடங்குங்கள். எனக்கு மிகவும் பிடித்தது முதலாம் ஜார்ஜின் 1723ஆம் ஆண்டு ஷில்லிங். பின்பக்கம் கேடயங்களுக்கு நடுவே எஸ்எஸ்சி என்ற எழுத்துகள் இருக்கும். சவுத் சீ கம்பெனி கொடுத்த வெள்ளியில் அடித்தது. 1720இல் பங்கு விலை சரிந்து ஊரையே அழவைத்த அதே கம்பெனி! எளிதில் கிடைக்கும், கினியைவிட மலிவு.

எதுவானாலும் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாதீர்கள். ஏலத்தில் எடுத்தால் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடியும் விலைக்கு மேல் 20 சதவீதமோ கூடுதலோ கமிஷன் சேரும். வியாபாரியிடம் வாங்கினால், பணம் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: “இதையே நாளைக்கு நான் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?”