காணிக்கைக்குக் கணக்குக் கேட்பது அவிசுவாசமா?

கேள்வி: எங்கள் சபையின் நிர்வாகக் குழுவில் நான் ஓர் உறுப்பினன். கட்டட நிதிக்கென்று விசுவாசிகள் கொடுத்த காணிக்கையிலிருந்து ஒரு பெருந்தொகை, போதகரின் உறவினர் நடத்தும் நிறுவனத்துக்கு முன்பணமாகப் போயிருப்பதை வங்கிக் கணக்கு அறிக்கையில் பார்த்தேன். அதற்குக் குழுவின் தீர்மானமும் இல்லை, ரசீதும் இல்லை. கூட்டத்தில் கேட்டதற்கு, 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே' என்ற வசனத்தைச் சொல்லி, சபையைப் பிரிக்கிறவன் என்று என்னைக் கண்டித்தார்கள். நான் கேட்டது தவறா?

பதில்: தவறே இல்லை. குழு உறுப்பினர் என்ற முறையில் அந்தப் பணத்துக்கு நீங்களும் பொறுப்பாளி. பார்த்த பிறகும் பேசாமல் இருந்திருந்தால்தான் உங்களைக் குறை சொல்ல இடம் இருந்திருக்கும்.

அவர்கள் காட்டிய வசனம் 105ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் பரதேசிகளாய்த் திரிந்த நாட்களில் அந்நிய அரசர்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கடவுள் காத்ததை அது சொல்கிறது. வரவுசெலவு கேட்பவரின் வாயை அடைக்க அதை எடுப்பது வேதத்துக்கே செய்யும் அநியாயம். சாமுவேல் தீர்க்கதரிசி தம் முதிய வயதில் மக்கள் அனைவருக்கும் முன்பாக நின்று, 'நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாரிடம் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள்' என்று தாமாகவே கேட்டார். கணக்குக் கேட்பவர்களைத் தேடிப்போன தலைவர் அவர்.

வேதத்தில் வரும் யூதா நாட்டு அரசன் யோவாஸின் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்க வந்த பணம் ஆண்டுக்கணக்கில் ஆசாரியர்கள் கையில் இருந்தும் வேலை நடக்கவில்லை. அதன் பிறகுதான் மூடியில் துளையிட்ட பெட்டி ஒன்று பலிபீடத்தின் அருகில் வைக்கப்பட்டது. பெட்டி நிறைந்தபோது அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணினார்கள். இதைச் சொல்லும் வேத அதிகாரத்திலேயே, வேலையை மேற்பார்த்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்ற வரியும் வருகிறது; அதை உங்களுக்கு எதிராக யாரேனும் எடுத்துக் காட்டலாம். ஆனால், இருவர் சேர்ந்து எண்ணிப் பார்த்த பணம்தான் அவர்கள் கைக்குப் போனது என்பதையும், அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று அங்கேயே எழுதப்பட்டிருப்பதையும் நீங்கள் சுட்டிக்காட்டலாம்.

கேட்டவரை அடக்கினால் என்ன நேரும் என்பதற்குச் சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபையே சான்று. போதகரின் மனைவியுடைய பாடகர் வாழ்க்கைக்குச் சபைப் பணம் போகிறது என்று 2003இல் உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் அவரே செய்தித்தாள்களில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2015இல் போதகர் கொங் ஹீ உட்பட ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. சபையின் கட்டட நிதியிலிருந்து ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் சிங்கப்பூர் டாலர், கடன் பத்திர முதலீடு என்ற பெயரில் அந்த இசைத் திட்டத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க மேலும் 2 கோடியே 60 லட்சம் டாலர் சுற்றிவிடப்பட்டிருந்தது. 'நாங்கள் எங்கள் பைக்கு எடுக்கவில்லை, ஊழியத்துக்குத்தான் செலவிட்டோம்' என்ற வாதம் அவர்களைத் தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை. ஒரு நோக்கத்துக்கென்று வாங்கிய பணத்தைக் கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் வேறொன்றுக்குத் திருப்புவதே நம்பிக்கை மோசடி. உங்கள் போதகரும் நாளை இதே வாதத்தைச் சொல்லக்கூடும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

இனி வாய்மொழியாகக் கேட்காதீர்கள். முன்பணம் கொடுக்கச் சொன்ன தீர்மானத்தின் நகல், செலவுச் சீட்டு, அந்த நிறுவனம் கொடுத்த ரசீது ஆகியவற்றைக் கடிதம் மூலம் கேட்டு, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். காசோலைகளில் இரண்டாவது கையொப்பமிடுபவர், தொகை எழுதப்படாத காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறாரா என்றும் பாருங்கள். நல்ல மனிதர்கள், அடிக்கடி அலைய வேண்டாமே என்று செய்கிற காரியம் இது; இருவர் கையொப்பம் என்ற பாதுகாப்பு அந்த நிமிடமே இல்லாமல் போகிறது. ஆண்டறிக்கையில் 'இதர செலவுகள்' என்ற ஒற்றை வரி ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே வந்தால், அதன் விவரத்தைக் கேளுங்கள். சபைத் தலைவரே தேர்ந்தெடுத்த தணிக்கையாளருக்குப் பதிலாக வெளியாள் ஒருவரைப் பொதுக்கூட்டம் நியமிக்கும்படி முன்மொழியுங்கள். உங்களோடு நிற்க இன்னும் ஒருவரேனும் கிடைத்தால் நல்லது. தனியாக நிற்பவரைப் பழி சொல்வது எளிது.

கேள்வி: சபைப் பணத்தைக் கையாடிய எங்கள் தலைவர் பீடத்தில் நின்று அழுது மன்னிப்புக் கேட்டார். 'மன்னித்துவிட்டோம், காவல் துறைக்குப் போனால் வசனத்துக்கு விரோதம்' என்கிறார்கள் மூப்பர்கள். என் மனம் ஒப்பவில்லை.

பதில்: உங்கள் மனம் சரியாகவே சொல்கிறது. அவரை மன்னிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால், ஏழை விதவை கொடுத்த காணிக்கையை அவளைக் கேட்காமல் தள்ளுபடி செய்ய மூப்பர்களுக்கு உரிமை இல்லை. வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு மனந்திரும்பியபோது அழுததாக வேதம் சொல்லவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று சொன்னதையே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் தலைவர் எவ்வளவு எடுத்தார், எங்கே வைத்திருக்கிறார், எப்போது திருப்பித் தருவார் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வந்ததா?

நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்பதற்கு மூப்பர்கள் காட்டக்கூடிய, கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் சகோதரர்களுக்கிடையே உள்ள வழக்குகளைப் பற்றியது. பலரிடம் வாங்கிய பணத்தைக் களவாடுவது அந்த வகையைச் சேராது. பாவம் செய்த மூப்பரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. தென்கொரியாவின் யொய்டோ முழுச் சுவிசேஷ சபையில், மகனின் பங்குகளைச் சந்தை விலையைவிட அதிக விலைக்குச் சபையை வாங்கவைத்த வழக்கில், அதன் நிறுவனர் டேவிட் யோங்கி சோ 2014இல் தண்டிக்கப்பட்டார். அவர்மீது புகார் கொடுத்தவர்கள் அச்சபையின் மூப்பர்களே. சபையின்மீது அன்பில்லாதவர்கள் அவ்வளவு வேதனையை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தைச் சபைத் தலைவர் ஒருவர் சொன்ன முதலீட்டில் போட்டேன். வட்டியும் வரும், ஊழியத்துக்கும் உதவும் என்றார். ஆறு மாதமாக வட்டி வரவில்லை; 'இன்னும் கொஞ்சம் போட்டால் எல்லாம் சேர்ந்து வரும்' என்கிறார். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: அம்மா, இனி ஒரு காசும் போடாதீர்கள். பழையதை மீட்கப் புதியதைக் கேட்பவரிடம் பழைய பணம் பெரும்பாலும் இருப்பதில்லை. அமெரிக்காவில் அரிசோனா பாப்டிஸ்ட் அறக்கட்டளை இதே வாக்குறுதியைக் கொடுத்தது. விலை போகாத நிலங்களைத் தங்களுக்கு வேண்டியவர்களின் நிறுவனங்களுக்கு உயர்ந்த விலையில் விற்றதாகக் கணக்கெழுதி நஷ்டத்தை மறைத்தார்கள். 1999இல் அது திவாலானபோது ஏறக்குறைய 11,000 பேரின் பணம் சிக்கியது. அவர்களில் பலர் உங்களைப் போன்ற முதியவர்கள். வேதம் நன்கு தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆகவே நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் கொடுத்த தேதிகள், தொகைகள், உடனிருந்தவர்கள் யார் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ரசீதுகளையும் அவர் அனுப்பிய கைபேசிச் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். அவர் மறுபடியும் வீட்டுக்கு வருவதற்கு முன் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த வழக்கறிஞர் உங்கள் சபையைச் சேராதவராக இருக்கட்டும்.