சிங்கிள் சேனல் போதுமா, ரேடார் வேண்டுமா: இருசக்கர வாகனப் பாதுகாப்பு வசதிகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: கல்லூரி முடித்து ஓசூரில் வேலைக்குச் சேரவிருக்கும் மகனுக்கு 160 சிசி பைக் ஒன்று வாங்க இருக்கிறேன். ஒரே வண்டி சிங்கிள் சேனல் ஏபிஎஸ், டூயல் சேனல் ஏபிஎஸ் என இரண்டு விதமாக வருகிறது. இரண்டாவதற்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். "முன் வீலுக்கு இருந்தால் போதும் சார், பின் வீலுக்கு வீண் செலவு" என்கிறார் ஷோரூம் விற்பனையாளர். அவர் சொல்வது சரிதானா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் உங்கள் மகன் வண்டி ஓட்டப்போவது மீதிப் பாதியில்தான். ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏற்பாடு. சிங்கிள் சேனலில் அது முன்சக்கரத்துக்கு மட்டும், டூயல் சேனலில் இரண்டு சக்கரங்களுக்கும். பிரேக் பிடித்த கணத்தில் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தையே சேர்கிறது. அந்தச் சக்கரம் சுழலாமல் இறுகிச் சறுக்கத் தொடங்கினால் ஹேண்டில்பார் சொன்ன பேச்சைக் கேட்காது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் ஓட்டுபவர் தரையில் கிடப்பார். ஆகவே ஒரு சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ் தர முடியும் என்றால், அதை முன்சக்கரத்துக்குத் தருவதே முறை.

நம்மவர்களில் எத்தனை பேர் முன் பிரேக்கைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சைக்கிள் பழகிய நாளிலேயே "முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அவசரத்தில் வலது கால் தானாகப் பின் பிரேக்கைத்தான் மிதிக்கிறது. சிங்கிள் சேனல் ஏபிஎஸ் காவல் காப்பதோ நாம் தொடத் தயங்குகிற முன் பிரேக்கை. மழை தூறிய தார்ச்சாலையில் பின்சக்கரம் இறுகி, வண்டியின் வால் ஒரு பக்கமாக வீசும்போது அந்த ஏபிஎஸ் உங்கள் மகனுக்கு எந்த உதவியும் செய்யாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பணம் இடம் கொடுக்குமானால் டூயல் சேனலையே எடுங்கள் என்பேன். தேவைப்பட்டால் அதற்காக அலாய் வீலின் நிறத்தையும், மீட்டரில் பாட்டின் பெயர் காட்டும் புளூடூத் வசதியையும் விட்டுக்கொடுக்கலாம்.

ஏபிஎஸ் வேலை செய்யும் விதம் எளிமையானது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் துளையிட்ட வளையம் ஒன்றை அருகிலிருக்கும் சென்சார் படித்து, சக்கரத்தின் வேகத்தை ஓயாமல் கணக்கிடுகிறது. வேகம் இயல்புக்கு மாறாகச் சட்டென்று வீழ்ந்தால், சக்கரம் இறுகப்போகிறது என்று புரிந்துகொண்டு, பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கிறது. முதன்முறை இதை உணரும்போது, லிவருக்குள் தவளை ஒன்று மாட்டிக்கொண்டு துடிப்பது போல இருக்கும். பழக்கமில்லாதவர்கள் பயந்துபோய் லிவரை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட்டால் ஏபிஎஸ் வாங்கியதே வீண். வண்டி கைக்கு வந்த வாரத்தில், ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில், முழு ஹெல்மெட்டோடு, 30 கி.மீ. வேகத்தில் நேர்கோட்டில் சென்று, அந்தத் துடிப்பை உணரும்வரை அழுத்திப் பிடித்து, நிற்கும்வரை விடாமல் இருக்க உங்கள் மகனைப் பழகச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. அந்தக் கட்டாயத்தைச் சிங்கிள் சேனலே நிறைவேற்றிவிடுவதால்தான் இரண்டு விதமாக விற்கிறார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம், ஏபிஎஸ் உள்ள மோட்டார் சைக்கிள்களையும் அதே மாடலில் ஏபிஎஸ் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு, உயிரிழப்பில் முடியும் விபத்துகளின் விகிதம் முன்னவற்றில் 22 சதவீதம் குறைவு என்று கண்டது. அந்த ஆய்வில் இருந்தவை பெரும்பாலும் பெரிய எஞ்சின் வண்டிகள் என்பதால், அந்த எண்ணை அப்படியே நம் 160 சிசி வண்டிக்குப் பொருத்தக்கூடாது. ஆனாலும் திசை தெளிவாகவே தெரிகிறது.

வாங்கும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால், அது எந்த நிலையிலும் டூயல் சேனல் வண்டி ஆகாது. பின்னால் டிஸ்க் இருந்தாலும், அதைக் கொண்டு மட்டும் முடிவு செய்துவிடாமல், புக்கிங் படிவத்தில் வேரியன்ட்டின் முழுப் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 110 சிசி ஸ்கூட்டர் பார்த்தோம். "இதில் சிபிஎஸ் இருக்கிறது, அதுவும் ஏபிஎஸ்ஸும் ஒன்றுதான்" என்றார்கள். ஒன்றுதானா? (மதுரை வாசகர்)

பதில்: ஒன்றல்ல. சிபிஎஸ் என்பது ஒரு லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரங்களுக்கும் பிரேக்கைப் பகிர்ந்து தரும் இணைப்பு, அவ்வளவே. பின் பிரேக்கை மட்டும் பிடிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு முன் பிரேக்கையும் ஓரளவு சேர்த்துக் கொடுப்பதால், வண்டி நிற்கும் தூரம் குறைகிறது. அந்த வகையில் நல்லதுதான். ஆனால் சக்கரம் இறுகிச் சறுக்குவதை அது தடுக்காது. 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு 2019 முதல் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் இரண்டில் ஒன்று போதும் என்பது விதியாக இருந்ததால், விலை குறைந்த சிபிஎஸ்ஸே ஸ்கூட்டர்களில் பரவிவிட்டது. 2025 ஜூன் மாதத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வரைவு அறிவிப்பு, சிறிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்க முன்மொழிந்தது. நீங்கள் பார்க்கும் விலைக்குள்ளேயே முன் டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டி கிடைக்குமானால், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: கார்களில் இருப்பதுபோல ரேடார் வைத்த பைக்குகள் வந்துவிட்டதாகப் படிக்கிறேன். வளைவு ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல், ரேடார் என்று அடுக்குகிறார்கள். கையில் மூன்று லட்சம் ரூபாய் இருக்கிறது. இவற்றில் எதற்குப் பணம் கொடுப்பது தகும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இவற்றில் நான் முதலில் கை வைப்பது வளைவு ஏபிஎஸ்ஸில்தான். சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. அது சக்கர வேகத்தை மட்டுமே பார்க்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் சாய்ந்து திரும்பும்போது எதிரே பேருந்து வந்து, நீங்கள் பிரேக்கை இறுக்கினால், டயரின் பிடிப்பில் ஒரு பகுதியை வளைவே எடுத்துக்கொண்டிருக்க, மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். சாய்வைக் கணிக்கும் சென்சார் உள்ள ஏபிஎஸ் அந்த மிச்சத்துக்குள் பிரேக்கை அடக்கி வைக்கிறது. 2013-இல் பாஷ் நிறுவனம் கேடிஎம் 1190 அட்வென்ச்சர் வண்டிக்காகக் கொண்டுவந்த இந்த நுட்பம், 2020-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரில் இறங்கியது. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310 வண்டி 2023-இல் அறிமுகமானபோது, இது கூடுதல் பணம் கட்டிப் பெறும் தொகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது, விளம்பரத்தில் ஒரு வண்டியின் பெயரோடு ஒட்டி வரும் வசதி, அந்த வண்டியின் அடிப்படை விலையிலேயே உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று பொருளில்லை.

டிராக்ஷன் கன்ட்ரோல், ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கிறது. பெரிய எஞ்சின் வண்டிகளுக்கும், முறுக்கிய உடனே முழு விசையையும் தரும் மின்சார வண்டிகளுக்கும் இது நியாயமான வசதி. 150 சிசி வண்டியில் ஈரமான ஜீப்ரா கோட்டின் மேலும் மணலின் மேலும் எப்போதாவது கைகொடுக்கலாம். அதற்காகத் தனியே பணம் கட்டத் தேவையில்லை.

ரேடார் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். முன்னும் பின்னும் ரேடார் பொருத்தித் தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் மோட்டார் சைக்கிள், 2020 இறுதியில் அறிமுகமான டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4. அதன் முன் ரேடார், 30 முதல் 160 கி.மீ. வரையிலான வேகங்களில் முன்செல்லும் வாகனத்தோடு இடைவெளி விட்டுச் செல்ல உதவுகிறது; பின் ரேடார், கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் வரும் வாகனத்தை எச்சரிக்கிறது. இப்போது இந்தியாவிலேயே தயாரான அல்ட்ராவயலெட் எக்ஸ்-47 என்ற மின்சார பைக்கும் பின்புற ரேடாரோடு 2025-இல் வந்திருப்பதால், உங்கள் தொகைக்கு எட்டும் தூரத்தில் இது இருக்கிறது. ஆனால் காரில் செய்வதுபோல வண்டி தானே சடாரென்று பிரேக் அடித்து நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். காரில் சீட் பெல்ட் பிடித்துக்கொள்கிறது. பைக்கில் எதிர்பாராத பிரேக், ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்திருப்பவரை அதற்கு மேலேயே தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் தயக்கத்தோடு, எச்சரிப்பதிலும் மிதமாக வேகம் குறைப்பதிலும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

நம் சாலைக்கு இதில் எது பொருந்தும்? அவிநாசி சாலையில் மாலை ஆறு மணிக்கு இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள் உரசிக்கொண்டு செல்லும்போது பக்கவாட்டு எச்சரிக்கை விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கும். எப்போதும் எரியும் விளக்கை யாரும் பார்ப்பதில்லை. நான்குவழிச் சாலையில் இரவில் பின்னாலிருந்து வேகமாக வரும் லாரியைச் சொல்லும் எச்சரிக்கை வேறு மதிப்புடையது. நீங்கள் தினமும் சேலம் வரை ஓட்டுகிறவரானால் பின் ரேடாருக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊருக்குள்ளேயே சுற்றுபவரானால் இல்லை.

எதுவாயினும், அந்த மூன்று லட்சத்தில் முதல் சில ஆயிரங்களை, ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட் இரண்டுக்கு ஒதுக்குங்கள். பின்னால் உட்காருபவருக்கும் தலை இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்றும், அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது.

கேள்வி: ஏபிஎஸ் உள்ள பழைய பைக் வாங்கப்போகிறேன். ஏபிஎஸ் வேலை செய்கிறதா என்று மெக்கானிக் இல்லாமல் பார்க்க முடியுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ஓரளவுக்கு முடியும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து சிறிது வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். ஓடும்போதும் அணையாமல் இருந்தால் ஏபிஎஸ் படுத்துவிட்டது, சாதாரண பிரேக் மட்டுமே வேலை செய்கிறது என்று பொருள். சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை என்றால்தான் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். உறவினர் ஒருவரோடு நான் பார்க்கப்போன வண்டியில், மீட்டரைக் கழற்றி அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப்பை நேர்த்தியாக ஒட்டி வைத்திருந்தார்கள். மற்ற எல்லா விளக்குகளும் எரிய, ஏபிஎஸ் என்ற எழுத்து மட்டும் இருட்டாக இருந்ததால் பிடிபட்டது. விற்றவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

விளக்கு அணையாததற்குக் காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்: பஞ்சர் ஒட்டும்போது வளைந்துபோன சென்சார் வளையம், அறுந்த ஒயர், சென்சாரில் அப்பிய சேறு. பிரேக் ஆயிலின் அழுத்தத்தைத் தளர்த்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் யூனிட்டே போயிருந்தால் செலவு கனமானது. அதனால் பணம் கொடுப்பதற்கு முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்றும் கேளுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் அந்த ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், ஏபிஎஸ் யூனிட்டுக்குள் துருவும் அழுக்கும் சேரும்.

கேள்வி: டூயல் சேனல் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு சிங்கிள் சேனல் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால் "ஆர்டிஓ பதிவு முடிந்துவிட்டது" என்கிறார்கள். என்ன செய்வது? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: பதிவு முடிந்தது உங்கள் உரிமையை முடித்துவிடாது. புக்கிங் படிவம், பில், விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைச் சேர்த்து, வண்டியை மாற்றித் தரும்படியோ விலை வித்தியாசத்தைத் திருப்பித் தரும்படியோ டீலருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ஒரு பிரதியைத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

கேள்வி: ஏபிஎஸ் இல்லாத என் பழைய பைக்கில் மாட்டிக்கொள்ள, இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு "மினி ஏபிஎஸ்" என்று ஒரு சிறிய உலோகக் குப்பி விற்கிறார்கள். வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வேண்டாம். அதில் சென்சாரும் இல்லை, சக்கரம் இறுகுகிறதா என்று அறியும் மூளையும் இல்லை. பிரேக் ஆயில் அழுத்தத்தின் ஒரு பகுதியை உள்ளே இருக்கும் ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். லிவர் பஞ்சுபோல இறங்குவதை "ஏபிஎஸ் வேலை செய்கிறது" என்று நம்பிவிடுவோம். ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, பழைய போல்ட்டைப் புது வாஷரோடு பொருத்தி, பிரேக் லைனில் காற்று இல்லாமல் பிளீடிங் செய்யச் சொன்ன பிறகே வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோங்கள்.