அறிவியல் புனைகதையும் திரையும்: ஒரு கடிதம்

அன்பின் எழுத்தாளருக்கு,

வணக்கம். லியூ சிசின் எழுதிய ‘த்ரீ பொடி ப்ரொப்ளம்’ நாவலை வாசித்து முடித்த கையோடு, நெட்ஃபிளிக்ஸ் 2024இல் வெளியிட்ட தொடரையும் பார்த்தேன். சீனர்களின் கதை இங்கிலாந்துக்குப் போயிருப்பதையும், நாவலில் ஒரே ஆய்வாளராக இருந்தவர் ஒக்ஸ்ஃபோர்ட் நண்பர்கள் ஐவராகப் பிரிந்திருப்பதையும் கண்டு எனக்குக் கோபமே வந்தது. இப்படி மாற்றுவதற்குத் திரைக்கலைஞர்களுக்கு எவ்வளவு உரிமை உண்டு? பெரும் பணம் இல்லாத இலங்கைத் தமிழ்ச் சூழலில் அறிவியல் புனைகதையைப் படமாக்க வழியே இல்லையா? உங்கள் நாவலைக் கேட்டு யாராவது வந்தால் கொடுப்பீர்களா?

வாசகி,
கொட்டாஞ்சேனை

அன்பின் வாசகிக்கு,

வணக்கம். உங்கள் கோபத்தை மதிக்கிறேன்; அது சேர வேண்டிய இடம் வேறு என்றே நினைக்கிறேன். அறிவியல் புனைகதை ஓர் அனுமானத்தை முன்வைத்து, அது மெய்யானால் என்னென்ன விளையும் என்று விடாமல் தொடர்ந்து செல்லும் எழுத்து. பாத்திரமும் ஊரும் மாறினாலும் நாவல் பிழைத்துக்கொள்ளும். அந்தக் காரண காரியத் தொடர் அறுந்தால் பிழைக்காது.

நீங்கள் குறிப்பிட்ட நாவலையே பாருங்கள். கலாசாரப் புரட்சிக் காலத்தில், இயற்பியல் பேராசிரியரான தன் தந்தை கூட்டத்தின் நடுவே அடித்துக் கொல்லப்படுவதை யே வென்ஜி பார்த்து நிற்கிறாள். பின்னாளில், பதில் அனுப்பவேண்டாம் என்று வேற்றுக்கோளிலிருந்தே எச்சரிக்கை வந்த பிறகும் அவள் பதில் அனுப்புவது, மனித இனம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது என்ற முடிவுக்கு வந்துவிட்டதால்தான். நாவலின் எல்லா விபரீதங்களும் அந்த முடிவிலிருந்தே கிளைக்கின்றன. 2023இல் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் வெளியிட்ட 30 பகுதித் தொடர் புத்தகத்தை மிக நெருக்கமாகப் பின்தொடர்ந்தது. ஆயினும் அந்தக் கொலையை அது நேரே காட்டவில்லை. உங்களுக்குக் கோபமூட்டிய தொடரோ அந்தக் காட்சியிலேயே தொடங்குகிறது. அந்த ஐந்து நண்பர்கள் எனக்கும் உவப்பானவர்கள் அல்லர், அவர்களுடைய உரையாடலில் பாதி இல்லாமலே தொடர் நன்றாக இருந்திருக்கும்; என்றாலும் நாவலின் வேரைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் இரண்டாவதையே சொல்வேன்.

வேரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, புத்தகம் விளக்கத்தால் செய்ததைத் திரை தன் வழியில் செய்தாகவும் வேண்டும். இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம், டெட் சியாங் 1998இல் வெளியிட்ட ‘ஸ்டோரி ஒஃப் யுவர் லைஃப்’ என்ற நெடுங்கதையிலிருந்து டெனி வில்னவ் 2016இல் உருவாக்கிய ‘அரைவல்’. இரு புள்ளிகளுக்கிடையே ஒளி மிகக் குறைந்த நேரம் எடுக்கும் வழியில் செல்கிறது என்ற ஃபெர்மாவின் தத்துவத்தைச் சியாங் எடுத்துக்கொள்கிறார். புறப்படும்போதே சேருமிடம் ஒளிக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியின் வழியாக, காலம் முழுவதையும் ஒருசேர உணரும் வேற்றுக்கோளினரின் மனத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். படம் இந்த விளக்கத்தை விட்டுவிட்டுப் படத்தொகுப்பை நம்புகிறது. ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, நோயுற்று இறக்கும் காட்சிகள் தொடக்கத்திலேயே வருகின்றன. படம் பார்த்துப் பழகிய நாம் அவை நடந்து முடிந்தவை என்று எடுத்துக்கொள்கிறோம். அவை இனிமேல் நடக்கவிருப்பவை என்று பின்னர் தெளியும்போது, கதாநாயகிக்கு நேர்ந்த மனமாற்றம் நமக்கும் நேர்ந்துவிடுகிறது.

அந்தப் படத்திலும் ஓர் இழப்பு உண்டு. கதையில் மகள் 25 வயதில் மலையேறும்போது விபத்தில் இறக்கிறாள். தடுத்திருக்கக்கூடிய ஒரு விபத்தை முன்னரே அறிந்தும் தாய் தடுக்காமல் இருப்பதே அக்கதையின் மிகக் கடுமையான இடம். படத்தில் அது தீராத நோயாக மாறியதும் அந்தக் கடுமை தணிந்துவிடுகிறது. உங்கள் கோபத்தை இத்தகைய மாற்றங்களின் மீது செலுத்துங்கள்.

இடமாற்றத்தைப் பற்றிக் கொழும்பில் இருந்துகொண்டு பேசும்போது ஆர்தர் சி. கிளார்க்கை நினைக்காமல் இருக்க முடியாது. 1956 முதல் 2008இல் மறையும்வரை இந்நாட்டையே இருப்பிடமாகக் கொண்டிருந்த அவர், ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ (1979) நாவலில் மண்ணிலிருந்து விண்வெளி வரை உயரும் கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்தார். அத்தகைய கோபுரத்துக்கு உகந்த இடம் மத்திய கோடு. இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. ஆகவே இத்தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரிட்டு எழுதினார். நெறியாளர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து உருவாக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்ற 1968ஆம் ஆண்டுப் படத்திலும், நாவலில் சனிக்கோள் வரை செல்லும் கலம் வியாழனோடு நின்றது. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் காட்டுவது அன்று அவ்வளவு கடினமாக இருந்தது. 1982இல் தொடர்ச்சி நாவலை எழுதியபோது கிளார்க் படத்தின் வியாழனையே ஏற்றுக்கொண்டார்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 1972ஆம் ஆண்டு நாவலிலிருந்து தார்க்கோவ்ஸ்கி 1979இல் எடுத்த ‘ஸ்டோக்கர்’ படத்தில் விண்கலமும் இல்லை, வேற்றுக்கோளினரும் இல்லை. புல் மண்டிய வெளி, கைவிடப்பட்ட டாங்கிகள், நீர் தேங்கிய கட்டடங்கள், இவற்றுக்கிடையே துணிப்பட்டி கட்டிய இரும்பு நட்டு ஒன்றை முன்னே எறிந்து, அது விழுந்த திசையில் அஞ்சி அஞ்சி நடக்கும் மூன்று மனிதர்கள். கண்ணுக்குத் தெரியாத விதிகள் ஆளும் நிலம் அது என்று நம்புவதற்கு அவர்களுடைய நடையே போதுமாக இருக்கிறது. உயர் பாதுகாப்பு வலயத்தின் எல்லையில் நின்று தம் காணி இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பிய மக்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; நுழைய முடியாத நிலம் மனிதரை என்ன செய்யும் என்று நம் பார்வையாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் குறும்படம் எடுக்கும் இளையோர், கணினி வரைகலைக்குப் பணம் தேடி ஆண்டுகளைக் கழிக்காமல் இங்கிருந்து தொடங்கலாம் என்று மனமார விரும்புகிறேன்.

என் நாவலைக் கேட்டால் கொடுப்பேன். பெயர்களும் வயதும் ஊரும் மாறலாம், இறுதிக் காட்சி கூட மாறலாம். ஒப்பந்தத்துக்கு முன்னர் நெறியாளரிடம் ஒன்றைக் கேட்பேன்: நாவலின் அனுமானம் என்ன என்றும், அதிலிருந்து தவிர்க்கவே முடியாமல் விளைவது எது என்றும் அவர் தம் சொற்களில் எனக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் எனக்குச் சரியென்று பட்டால், திரைக்கதையைப் பார்க்கத் தருமாறு கேட்கமாட்டேன்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து